பாதிக் கதைக்கு ஐந்து பணம்

கோட்டைக்குப்பத்து ஊருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது ஐந்து பணம் நாற்பது காசு. ஐந்து பணம், வலை கடலுக்குப் போகும் நேரத்தில் ஆகாத வார்த்தை பேசியதற்குத் தெண்டம். நாற்பது காசு, அந்த வார்த்தை பட்ட வலைக்குப் புகை காட்டச் சாம்பிராணி கடனுக்கு வாங்கிய செலவு. ஆகாத வார்த்தை வேறொன்றுமில்லை, வேதத்தில் உள்ளதுதான்.

நான் பழவேற்காட்டில் மூட்டை தூக்குகிறவன். பெயர் ஈசாக்கு. கப்பல் வந்த நாட்களில், சீமையிலிருந்து வந்த உலாந்தாக்காரர் கோட்டையிலிருந்து துறைக்குச் சாயத்துணி மூட்டை சுமப்பேன். கப்பல் இல்லாத நாட்களில், கோட்டைக்குள் வேதக்கோயில் நடத்துகிற ஐயர் சொன்னபடி, குப்பங்களுக்குப் போய் ஆண்டவருடைய காரியத்தைச் சொல்லுவேன். இதற்குக் கூலி கிடையாது. அந்த வருஷம் பங்குனியில் வர வேண்டிய கப்பல் பிந்திவிட்டது. தோள் சும்மாதானே இருக்கிறது, ஒரு வாரம் முழுக்கக் கோட்டைக்குப்பத்துக்கே போவோம் என்று கிளம்பினேன்.

திங்கட்கிழமை காலையில் போனபோது பெரிய வலையைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படகு வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். அப்புறம் ஊரே கரையில் நின்று இரண்டு பக்கத்துக் கயிற்றையும் இழுக்கும். மீன்காரருக்கு மீன்காரர் கதையே ஏற்றது என்று நினைத்து, ஆண்டவர் ஒரு மீன்காரனுடைய படகில் ஏறின கதையை எடுத்து நின்றபடி வாசித்தேன். நாற்பது வயதுக்கு மேல் படித்த எழுத்து. விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் எனக்கு வரும். ராத்திரியெல்லாம் வலை போட்டும் அந்த மனுஷனுக்கு ஒன்றும் அகப்படவில்லை என்கிற இடத்துக்கு நான் வந்து சேர்ந்ததும், படகு தண்ணீரைத் தொட்டதும் சரியாக இருந்தது.

நாகப்பன் வலையைக் கீழே போட்டான். கயிறு இழுக்கும்போது முன்பாட்டுப் பாடுகிறவன் அவன்தான்.

"இன்னா சொன்னே?"

ஒரு மாதமாக அந்தக் கரைக்குப் போய் வருகிறேன். நான் சொன்னதை யாரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் அகப்படலை," என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.

"யாருக்கு?"

"படகுல கீறவங்களுக்கு," என்றேன்.

படகில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். படகு போயிற்று, வலை விழுந்தது, வெயில் ஏறும்வரை இழுத்தார்கள். வலையின் கடைசிப் பையான மடியில் வந்தது வெறும் சொறி. கண்ணாடிபோலக் குழகுழவென்று, தொட்டால் கை அரிக்கிற அந்தச் சொறியைத் தவிர ஒரு செதில் கூட இல்லை.

சாயங்காலம் ஊர் கூடியது. பெரியதனக்காரர் கோதண்டம் நல்ல மனுஷர். பெரிய வயிறு, சின்னக் குரல்.

"வேதக்காரரே, நீ கெட்டவன் இல்லை," என்று ஆரம்பித்தார். "கடலுக்குப் போறவனை எங்க போறேன்னு கேட்டாலே நாங்க ஊட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அப்பால போறவங்க. நீ இன்னாடான்னா ஒண்ணும் அகப்படலைன்னே சொல்லிட்ட. அதுவும் ரெண்டு தபா."

"நான் சொல்லலைங்க. அதுல எழுதி கீது."

"எழுதினவன் வரட்டும். அவனுக்கும் தெண்டம் போடறோம்."

சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "மிச்சத்தையும் கேட்டீங்கன்னா அதுல மீன் வருதுங்க," என்றேன்.

"உன் கதையில வரும். எங்க வலையில சொறி இல்ல வந்துது," என்றான் நாகப்பன். அவன் கை இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.

தெண்டம் முடிவாயிற்று. பௌர்ணமியன்று சூரியன் சாய்வதற்குள் கட்ட வேண்டும். சனிக்கிழமை பௌர்ணமி. கட்டாவிட்டால் இனி அந்த மணலில் நான் கால் வைக்கக் கூடாது. கட்டும்வரை ஊரில் ஒருவரும் என்னோடு பேசக் கூடாது. பேசினவருக்கும் அதே ஐந்து பணம். அந்த ஊரில் எல்லாக் குற்றத்துக்கும் இதுதான் முறை, எனக்கென்று புதிதாகச் செய்ததில்லை.

வீட்டில் எலிசபெத் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு வார்த்தைக்கு அஞ்சு பணமா?" என்றாள். "நீ பேசினதுக்கெல்லாம் நானும் தெண்டம் போட்டிருந்தா இந்நேரம் கோட்டையையே வெலைக்கு வாங்கியிருப்பேன்."

"கேலி பண்ணாதே. ஊரே வாயை மூடிகினா நான் யாருக்குச் சொல்றது?"

"ஐயர்கிட்ட கேட்டா குடுப்பாரு."

கொடுப்பார்தான். ஆனால் கோட்டைப் பணத்தைக் கட்டிவிட்டு அந்தக் கரைக்குப் போனால், என் வாயிலிருந்து வருவதெல்லாம் கோட்டைப் பேச்சாகிவிடும். கப்பல் வரட்டும், தோளால் சம்பாதித்துக் கட்டுகிறேன் என்றேன். எலிசபெத் நண்டுக்காலை வாயில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்த்தாள். அங்கே கப்பல் இல்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். நாகப்பன் கரையில் ஏற்றிய படகுக்கு நிழலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டுப் படகின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"படகே, காலங்காத்தால யாரோ வந்து நிக்கிறாங்க. பணம் எடுத்தாந்தாங்களான்னு கேளு."

படகோடு பேசினால் தெண்டம் கிடையாது போலிருக்கிறது. நானும் படகிடமே சொன்னேன். "படகே, கப்பல் வந்தாத்தான் பணம்னு சொல்லு."

"படகே, கப்பலுக்கும் ஒண்ணும் அகப்படலைன்னு படிச்சிட்டாரா, கேட்டுச் சொல்லு."

சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புக்குத் தெண்டம் இல்லை. எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது, அன்றைக்கு.

புதன்கிழமை வேடிக்கை குறைந்துவிட்டது. காற்று வாரி அடித்தது, வாய் திறந்தால் மணல். பனைமரத்தடியில் நின்று, யாராவது காதில் வாங்கட்டும் என்று பொதுவாகப் பேசினேன். போகிறவர்கள் நான் மரம் என்பதுபோலச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நாய் மட்டும் கடைசிவரை இருந்தது. அதுவும் தூங்கிவிட்டது.

வியாழக்கிழமை வெயிலில் தொண்டை வறண்டு போயிற்று. தண்ணீர் கேட்கலாம் என்றால் கேட்டுப் பதில் சொல்ல ஆளில்லை. செல்வம்மாள் குடிசைப் பக்கம் போனேன். வலை பின்னிப் பிழைக்கிறவள், ஐம்பது வயது இருக்கும், ஒண்டிக்கட்டை. ஒரு மாதமாக நான் சொல்வதை வேலை செய்தபடியே கேட்கிறவள் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான். என்னைக் கண்டதும் எழுந்து போய் ஒரு சொம்பைக் கொண்டுவந்து வாசல் மணலில் வைத்தாள். குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழியைப் பார்த்துப் பேசினாள்.

"ஏ கோழி, தாகமா கீதா? தோ தண்ணி வெச்சிருக்கேன். குடிச்சிட்டுச் சொம்பைக் கவுத்து வெச்சிடு."

குடித்தேன். கவிழ்த்து வைத்தேன்.

"கோழி," என்றாள் மறுபடியும், கண்ணை வலையிலிருந்து எடுக்காமல். "அந்த மனுஷனுக்குக் கடைசியில மீன் கெடைச்சுதா இல்லியா? நாலு நாளா அது ஒண்ணு மண்டையில குடைஞ்சிகினே கீது. கண்ணி தப்பித் தப்பிப் போவுது."

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோதண்டம் வயிற்றைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். சொன்னதைக் கேட்டு அவள் வாய் தவறி ஓர் ஆச்சரியம் காட்டினாலும் போதும், ஐந்து பணம். வலை பின்னுகிறவள் ஐந்து பணத்துக்கு எங்கே போவாள்? வாயை மூடிக்கொண்டேன்.

"தே கோழி, ஓடு. அப்பால பேசிக்கலாம்," என்றாள் செல்வம்மாள். கோழி ஓடிற்று. நானும் நடந்தேன்.

வெள்ளிக்கிழமை கப்பல் வருகிறது என்று துறையில் பேச்சு. காலையிலிருந்து காத்து நின்றேன். வந்தது உப்பு ஏற்றின தோணி. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அதன் பிறகு குப்பத்துக்குப் போனேன். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பழவேற்காட்டுக்கும் குப்பத்துக்கும் நடுவில் உள்ள ஏரியில், இடுப்பளவு தண்ணீரில் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். நாளையோடு அந்தக் கரை முடிந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு, ஒரு நாய்க்கும் ஒரு கோழிக்கும் சொன்னதுதான் மிச்சம்.

"ஆண்டவரே," என்று வாய்விட்டே சொன்னேன். "அந்த மனுஷனுக்கு ஒரு ராத்திரிதான் ஒண்ணும் அகப்படலை. எனக்கு ஒரு வாரமா அகப்படலை. சொறிகூட வரலை."

சொன்ன பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை நான் வாசித்து நிறுத்தின இடத்திலேயே நான் நின்றுகொண்டிருக்கிறேன். இரண்டாம் பாதி இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லப் போனவன், அதை மறந்துவிட்டு ஏரி நடுவில் அழுகிறேன். தண்ணீரில் ஒருவன் தனியாக நின்று சிரிப்பதைப் பார்த்துக் கரையில் கொக்கு பிடிக்கிறவன் பயந்துபோய்க் கண்ணியைச் சுருட்டிக்கொண்டான். நாளைக்கும் போவது என்று தீர்மானமாயிற்று. பணம் இல்லாமல்தான்.

சனிக்கிழமை திருப்பாலைவனத்தில் தேர். ஊரில் பாதிப் பேர் விடியும்போதே தேர் பார்க்கப் போய்விட்டார்கள். மீன் தேருக்குக் காத்திருக்காது. இருந்தவர்களை வைத்தே பெரிய வலையைப் போட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கயிறு இரண்டும் விறைத்துக்கொண்டு நின்றன. வலைக்கு மேலே பறவைகள் கூட்டம் கூட்டமாக விழுந்து எழுந்தன. உள்ளே கானாங்கெளுத்தி. அந்த மீன் கூட்டத்தோடு வந்தால் வலையையே திருப்பிக் கடலுக்கு இழுக்கும்.

ஆள் போதவில்லை. ஆண்களும் பெண்களுமாகக் குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தார்கள். ஒரு முழம் வந்தால் அரை முழம் திரும்பிப் போயிற்று. நாகப்பன் பாடிக்கொண்டிருந்தான். ஆனால் தேர்க்கூத்துக்கு முந்தின நாள் பழகியதில் குரல் போய்விட்டிருந்தது, காற்றுதான் வந்தது. முன்பாட்டு இல்லாமல் இழுப்பு ஒன்றாக விழாது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரத்தில் இழுத்தார்கள்.

கோதண்டம் என்னைப் பார்த்தார். கூப்பிட வாயைத் திறந்து, தெண்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். பிறகு கயிற்றைப் பார்த்துக் கத்தினார்.

"கயிறே, அங்க ஒரு ஆளு தோளை வெச்சிகினு சும்மா நிக்கறாரு பாரு. கை கீதா இல்லியான்னு கேளு."

ஓடிப்போய்ப் பிடித்தேன். தோளில் கயிறு ஏறினதும் ஒரு வாரமாக எனக்கு இல்லாமல் போயிருந்த தெம்பு வந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர்களுக்கும் பாட்டு உண்டு. அந்த மெட்டை எடுத்துக்கொண்டு, வாயில் வந்ததைப் போட்டுப் பாடினேன். வாயில் வந்தது அந்தக் கதைதான். கதையின் முதல் வரி உதட்டுக்கு வந்துவிட்டது. வலை தண்ணீரில் இருக்கிறது, சுற்றிலும் ஊர் இருக்கிறது. அப்படியே விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியிலிருந்து ஆரம்பித்தேன்.

"கரைமேல நின்னவரு..."

"ஏலேலோ!" என்றது ஊர். பழக்கம். முன்பாட்டு வந்தால் பின்பாட்டு தானாக வரும்.

"படகுமேல ஏறினாரு..."

"ஏலேலோ!"

"ஆழத்துல போடுன்னாரு..."

"ஏலேலோ!"

இழுப்பு ஒன்றாக விழுந்தது. கயிறு வந்தது. ஒரு முழம், திரும்பிப் போகவில்லை. இன்னொரு முழம். எனக்கு அடுத்த வரி உடனே கிடைக்கவில்லை. மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்று பின்னாலிருந்து கோதண்டம் கத்தினார். "அப்புறம் இன்னா ஆச்சு? சொல்லு நைனா, நிறுத்தாத!"

"வலை கிழிய மீனு வந்துது..."

"ஏலேலோ!"

"பக்கத்துப் படகைக் கூப்பிட்டாங்க..."

"ஏலேலோ!"

"ரெண்டு படகும் ரொம்பிப் போச்சு..."

இந்த வரிக்கு ஊர் போட்ட கூச்சல் திருப்பாலைவனத்துத் தேருக்கே கேட்டிருக்கும். அந்த வரியையே நாலு தடவை பாட வைத்தார்கள். நாலாவது தடவை வலையின் மடி கரையில் ஏறியது. மணலெல்லாம் வெள்ளி துள்ளியது. ஆட்கள் மீன்மேலேயே விழுந்து படுத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். நாகப்பன் காற்றுக்குரலில் ஏதோ சொன்னான், யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து என் முதுகில் ஒரு அடி வைத்தான். அடிக்கும் தெண்டம் இல்லை.

கொஞ்சம் மூச்சு வந்ததும், நான் யார் என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. சத்தம் அடங்கியது. கோதண்டம் வேட்டியில் செதிலைத் துடைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். சூரியன் சாய இன்னும் நேரம் இருந்தது, ஆனால் என்னிடம் பணம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் கயிற்றைத் தேடினார், அதனோடு பேசுவதற்கு.

செல்வம்மாள் முந்திக்கொண்டாள்.

"மாமா, ஒரு நாயம் கேக்கணும். இந்த ஆளுகூடப் பேசினவங்களுக்கு அஞ்சு பணம் தெண்டம்தானே?"

"ஆமா."

"அவரு ஒண்ணு சொல்ல நாம ஒண்ணு சொன்னோமே, அது பேச்சுதானே?"

"அது பாட்டு," என்றார் கோதண்டம். "பாட்டு வேற, பேச்சு வேற."

"சரி, எங்களுது பாட்டு. நீங்க நடுவுல ‘அப்புறம் இன்னா ஆச்சு, சொல்லு நைனா’ன்னீங்களே. அது எந்தப் பாட்டுல வருது?"

முதலில் நாகப்பன் சிரித்தான், சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ஊர் முழுக்கச் சிரித்தது. பெரியதனக்காரரின் வயிறு கடைசியில் குலுங்க ஆரம்பித்தது. ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை.

"ஊருக்கு ஊரே தெண்டம் கட்டினா வாங்கறது யாரு?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உடு. அஞ்சு பணமும் தள்ளியாச்சு. வேதக்காரரே, இங்க வா. இப்போ நேரா பேசறேன். அந்த ஆளு, மீன் புடிச்சானே, அப்பால இன்னா பண்ணான்?"

இந்த இடத்துக்காகத்தான் ஒரு வாரம் நடந்தேன். மீனுக்கு நடுவில் நின்று சொன்னேன். கரைக்கு வந்ததும் அந்த மனுஷன் ஆண்டவர் காலில் விழுந்தான். படகு, வலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டான்.

அப்புறம் கோதண்டம் கேட்டார்.

"மீனை?"

"விட்டுட்டாங்க."

"ரெண்டு படகு மீனையுமா? அப்போ வித்தது யாரு?"

"அது எழுதலைங்க."

"எழுதலைன்னா? அம்மாம் மீனு நாறிப் போயிருக்காது?"

"பக்கத்துப் படகுக்காரன் வித்திருப்பான்," என்றாள் ஒருத்தி. "பொண்டாட்டி இருந்தா அவ வித்திருப்பா," என்றாள் இன்னொருத்தி. அந்த மாதிரி ஆளோடு வாழ்ந்த பெண்டாட்டியைப் பற்றி நாலு பேர் பேசினார்கள். செல்வம்மாள் மட்டும் இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீனு ஆப்டாத அன்னிக்கு உட்டுட்டுப் போனா அது வெறுப்பு," என்றாள் மெதுவாக. "ரெண்டு படகு ரொம்பின அன்னிக்கு உட்டுட்டுப் போனான்னா, அவரு மூஞ்சியில இன்னாவோ பார்த்திருக்கான். இன்னா பார்த்தான்?"

"அது பெரிய கதை," என்றேன்.

"நாளன்னிக்கு வந்து சொல்லு. படகு போனப்புறம் வா," என்றார் கோதண்டம். "மொத பாதியைக் கரைக்கு மீன் வந்த பிறகுதான் படிக்கணும். அது ஊர்க் கட்டு."

கயிற்றில் கை வைத்தவனுக்கு மீனில் பங்கு உண்டு. அதுவும் ஊர்க் கட்டுதான். என் பங்கைக் கூடையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஐயர், இந்த வாரம் கோட்டைக்குப்பத்தில் யாராவது கேட்டார்களா என்று விசாரித்தார். கேட்டார்கள், மீனை யார் விற்றார்கள் என்று கேட்டார்கள் என்றேன். அவர் வேதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தமக்கும் தெரியாது என்றார். எலிசபெத் என் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஐந்து பணம் போயிற்று. நாற்பது காசு இருந்தது. சாம்பிராணி கடைப் பாக்கி; அதைத் தள்ள ஊருக்கு அதிகாரம் இல்லை என்று கோதண்டம் சொல்லியிருந்தார். என் பங்கு மீனில் குழம்புக்கு மட்டும் எலிசபெத் எடுத்துக்கொண்டாள். மிச்சத்தைச் சனிக்கிழமை சாயங்காலமே செல்வம்மாள் தன் கூடையோடு சேர்த்துப் பழவேற்காட்டுச் சந்தையில் விற்றிருந்தாள். திங்கட்கிழமை காலையில் நானும் செல்வம்மாளும் சாம்பிராணி கடன் கொடுத்த மரைக்காயர் கடைக்குப் போனோம். அவர் நாற்பது காசையும் எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டார்.

"கோட்டைக்குப்பம் கணக்கு தீந்துது," என்றார்.

"தீந்துது," என்றாள் செல்வம்மாள், என்னைப் பார்த்து நேராகவே. "வா, படகு போயிருக்கும்."